சிவகாசிக்காரருக்கு ஒரு போர்ட்ஃபோலியோ ப்ராஜெக்ட்: கார்ட்லெஸ் நெயில் கன்

மெப்கோவிலோ கலசலிங்கத்திலோ மெக்கானிக்கல் முடித்துவிட்டு ப்ராடக்ட் டிசைன் வேலை தேடுகிறீர்களா? பெரிய டிசைன் கல்லூரிகளில் படித்து வருகிறவர்கள் ரெண்டரிங்கில் உங்களைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார்கள். அந்தப் போட்டிக்கே போகாதீர்கள். ஆணி அடிக்கும் கார்ட்லெஸ் கருவி ஒன்றை டிசைன் செய்யுங்கள்.

1. சாலிட்வொர்க்ஸைத் திறக்கும் முன் கள்ளிப்பெட்டி, பேலட் அடிக்கும் பட்டறைக்குப் போய் ஒரு ஷிஃப்ட் முழுக்க நில்லுங்கள். டீ வாங்கிக் கொடுங்கள், கேள்வியைக் குறையுங்கள். ஆசாரி எப்போது கையை உதறுகிறார், சுத்தியலை எங்கே வைக்கிறார் என்று அனுமதி கேட்டு வீடியோ எடுங்கள். இன்டர்வியூவில் பேசப்போவது அந்த வீடியோதான்.

2. அடுத்து கைப்பிடி. இறக்குமதிக் கருவியின் அளவைக் காப்பியடித்தால் இன்டர்வியூ பேனல் உடனே கண்டுபிடித்துவிடும். தேபகுமார் சக்ரவர்த்தி தொகுத்து, அகமதாபாத் தேசிய டிசைன் நிறுவனம் (என்.ஐ.டி.) 1997-ல் வெளியிட்ட இந்திய உடலளவு நூலைப் புரட்டுங்கள். 30 முதல் 40 மி.மீ. விட்டத்தில் நாலைந்து ஃபோம் மாடல் செதுக்கி, பட்டறை ஆட்களின் கையில் கொடுங்கள், பெண்களிடமும் கொடுங்கள். எடையைக் குறைப்பதைவிட எடையை எங்கே வைக்கிறோம் என்பதில் மூளையைச் செலவிடுங்கள். 18 வோல்ட் பேட்டரி என்றால் 3.6 வோல்ட் செல் ஐந்து. செல்கள் மட்டுமே கால் கிலோவை நெருங்கும். அதைக் கைப்பிடியின் அடியில் வைத்தால் முன்பக்க மோட்டாரின் பாரத்தைக் கொஞ்சம் சமன் செய்யும். மணிக்கட்டு பிழைக்கும்.

3. டிரிக்கர்: சீக்வென்ஷியல். முனையை மரத்தில் அழுத்திய பிறகு டிரிக்கரை இழுத்தால் ஒரு ஆணி. அடுத்ததற்கு இரண்டையும் விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து. டிரிக்கரைப் பிடித்தபடியே முனையைத் தட்டித் தட்டி அடிக்கும் பம்ப் டிரிக்கர் வேகமானதுதான். ஆனால் உதைப்பில் முனை மறுபடி மரத்தில் பட்டால் கேட்காத ஆணி ஒன்று பாயும். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் (NIOSH) 2011 கையேட்டில் சிபாரிசு செய்வதும் முழு சீக்வென்ஷியலைத்தான். "ப்ரொடக்‌ஷன் குறையுமே?" என்று கேட்பார்கள், பட்டறையில் நீங்களே எடுத்த டைமிங்கை எடுத்துப் போடுங்கள்.

4. இனி உங்கள் துருப்புச்சீட்டு. இந்தக் கருவி எங்கே நுழையக் கூடாது என்பது சிவகாசிக்காரரான உங்களுக்குத் தெரியும். 2008-ம் ஆண்டு வெடிபொருள் விதிகளின்படி பட்டாசு ஆலையின் மருந்து அறையில் மரம், செம்பு, பித்தளை மாதிரிப் பொறி பறக்காத கருவிகளுக்குத்தான் இடம். "பிரஷ்லெஸ் மோட்டார் போட்டால் பொறி வராதே?" என்று பேனலில் ஒருவர் மடக்குவார். மோட்டாரில் வராது, எஃகு ஆணியை எஃகு பிளேடு அறையும் இடத்தில் வரலாம், பேட்டரி டெர்மினலிலும் வரலாம். கள்ளிப்பெட்டியை வெளியே அடித்து முடித்துவிட்டுத்தான் உள்ளே அனுப்ப வேண்டும். இதைச் சொல்ல கேள்வி வரும்வரை காத்திருக்காதீர்கள். 'பயன்படுத்தக் கூடாத இடங்கள்' என்று தலைப்பிட்டு மூன்றாவது ஸ்லைடிலேயே போட்டுவிடுங்கள்.