ஆளில்லாத ஓர் அறை: உற்றுநோக்கலுக்கு ஓர் ஓவியம்

“உங்கள் வீட்டை வரையுங்கள்” என்று எட்டாம் வகுப்பில் சொன்னால், இரண்டு மலைகள், நடுவே சூரியன், ஓர் ஓட்டு வீடு வந்துவிடும். குழந்தைகள் பழகியதை வரைகிறார்கள். கண்ணால் பார்த்ததை வரைய வைப்பதற்காக நான் பயன்படுத்தும் ஓர் ஓவியத்தை இங்கே பகிர்கிறேன்.

ஓவியரும் ஓவியமும்

ஃபூஜிதா 1886இல் டோக்கியோவில் பிறந்தவர். 1913இல் பாரிஸ் சென்றார். 1921இல் அங்கிருந்த தம் அறையை, ஓர் அலாரம் கடிகாரத்தோடு வரைந்தார். பாரிஸ் பொம்பிடூ மையத்தின் தொகுப்பில் உள்ள இப்படத்தில் மேசை, வட்டமான மூக்குக்கண்ணாடி, புகைக்குழாய், சுவரில் தட்டுகள் இருக்கின்றன. ஆள் இல்லை. ஆனால் அந்த வட்டக்கண்ணாடியே ஃபூஜிதாவின் அடையாளம்.

பால் போன்ற வெண்பரப்பில் முடியளவு மெல்லிய கருங்கோடுகள் ஓடுகின்றன. ஜப்பானியத் தூரிகையும் நீர் கலந்த மையும் கொண்டு வரைந்தவை. எண்ணெய்ப் பூச்சின்மேல் மை எப்படி ஒட்டியது? அந்த முறையை அவர் வெளியில் சொல்லவில்லை. அவர் டால்கம் பவுடரைப் பயன்படுத்தியது பின்னாளில் நடந்த ஆய்வுகளில் தெரியவந்தது. மெழுகு வண்ணம் தீட்டிய தாளில் ஒரு துளி மை விட்டுக் காட்டினால், அவர் எதிர்கொண்ட சிக்கல் மாணவர்களுக்குப் புரியும்.

வகுப்பறைச் செயல்பாடு

1. படத்தை இரண்டு நிமிடம் பேசாமல் பார்த்தல். மறைத்தபின் நினைவிலிருந்து பட்டியலிடுதல்.
2. “இந்த அறையில் இருப்பவர் எப்படிப்பட்டவர்? எந்தப் பொருள் அதைச் சொல்கிறது?” எனக் கலந்துரையாடுதல்.
3. தன்னை வரையாமல், தன்னைக் காட்டும் மூன்று பொருள்களை நேரில் பார்த்து வரைதல். ஒவ்வொன்றுக்கும் சில வாக்கியங்கள் எழுதுதல்.

கவனிக்க வேண்டியது

“வீட்டில் என்னென்ன இருக்கிறது?” என்று கேட்காதீர்கள். இல்லாத பிள்ளை தலைகுனிந்துவிடும். “தினமும் உன் கை தொடும் பொருள் எது?” என்று கேளுங்கள். அதற்கு எல்லோரிடமும் விடை உண்டு. வகுப்பில் வாய் திறக்காத மாணவி ஒருத்தி, அப்பா சும்மாடு கட்டும் துண்டை அதன் மடிப்புகளோடு வரைந்தாள். மூட்டை தூக்கும் வேலையைப் பற்றிக் கீழே ஐந்து வாக்கியம் எழுதினாள். அவள் தானாக எழுதிய முதல் பத்தி அது.

மதிப்பீட்டில் கோட்டின் அழகுக்கு மதிப்பெண் வேண்டாம். உற்றுப் பார்த்தது படத்தில் தெரிகிறதா, எழுதியதற்குப் படத்தில் சான்று இருக்கிறதா என்ற இரண்டை மட்டும் பாருங்கள். தமிழ், அறிவியல், ஓவியம் மூன்றையும் இணைக்க இரண்டு பாடவேளைகள் போதும்.