பதிவு செய்தோம், படித்தோமா?

பி.பி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கும் எங்கள் பழைய மாணவி ஒருத்தி பருவத்தேர்வுக்கு முன் பள்ளிக்கு வந்தாள். “சார், மேலாண்மைத் தகவல் முறைமைன்னு ஒரு பேப்பர். எல்லாம் மனப்பாடம் பண்ணிட்டேன். ஆனா எதுக்குப் படிக்கிறோம்னுதான் தெரியல” என்றாள்.

நானும் கல்லூரியில் அந்தத் தாளை அப்படித்தான் எழுதித் தேறினேன். தரவு, தகவல், முடிவு என்று மூன்று கட்டங்கள் வரைந்து அம்புக்குறி போட்டால் மதிப்பெண் கிடைத்துவிடும். அந்த அம்புக்குறிகளின் பொருள், சாந்தோமில் வணிகவியல் ஆசிரியராக வந்து ஒரு மாணவனை இழந்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

பாடம் சொல்வது என்ன?

அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்டன் டேவிஸ் 1974-இல் எழுதிய நூல், இத்துறையின் தொடக்ககாலப் பாடநூல்களுள் ஒன்று. கணினியைப் பற்றிய பாடம் என்று மாணவர்கள் இதை நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் இது முடிவெடுப்பதைப் பற்றிய பாடம். நடந்ததை எழுதி வைத்தால் அது தரவு. ஒருவருடைய கேள்விக்கு விடையாகும்படி அதை அடுக்கித் தந்தால் தகவல். அதைக் கொண்டு அவர் ஒன்றைச் செய்தாலோ, செய்யாமல் விட்டாலோ அது முடிவு.

வீராம்பட்டினத்து ஒலிபெருக்கி

மாணவிக்கு நான் சொன்ன எடுத்துக்காட்டு இது. சென்னை தரமணியில் உள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், 1998-இல் புதுச்சேரிச் சிற்றூர்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. மீனவர் ஊரான வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயர முன்னறிவிப்பை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். இணையதளத்தில் இருந்தவரை அது வெறும் எண். கரையில் நிற்பவர் காதில் தமிழில் விழுந்தபோது தகவல். ‘இன்று படகு இறக்க வேண்டாம்’ என்று அவர் திரும்பியது முடிவு. 2004 ஆழிப்பேரலையின்போது நல்லவாடு என்ற ஊரில், சிங்கப்பூரிலிருந்து வந்த தொலைபேசிச் செய்தியை இப்படியொரு மையத்தின் ஒலிபெருக்கி உடனே ஊருக்குச் சொன்னது. மக்கள் உயிர் தப்பினார்கள்.

நான் தவறவிட்டது

நம் பள்ளிகளிலும் இதே முறைமை இருக்கிறது. ‘எமிஸ்’ என்பதன் விரிவே கல்வி மேலாண்மைத் தகவல் முறைமைதான். வருகைப்பதிவை நான் ஒருநாளும் தவறவிட்டதில்லை. பதினொன்றாம் வகுப்பில் நொச்சிக்குப்பத்து மாணவன் ஒருவன் இருந்தான். மாதத்தில் 20 வேலை நாள் என்றால் 16 நாள் வருவான். 80 விழுக்காடு. மோசமில்லை என்று விட்டுவிட்டேன். காலாண்டு விடுமுறைக்குப் பின் அவன் வரவேயில்லை.

அதன் பிறகுதான் நான்கு மாதப் பதிவைக் கிழமைவாரியாகத் தாளில் எழுதிப் பார்த்தேன். வராத நாட்கள் அனைத்தும் புதன்கிழமைகள்! வீட்டுக்குப் போனேன். “புதன்கெழம மீன் வியாபாரம் ஜாஸ்தி சார். ஐஸ் பொட்டி தூக்க ஆளில்ல, அதான் நிறுத்திக்கினேன். அப்பவே கேட்டிருந்தீங்கன்னா எதுனா பண்ணியிருக்கலாம். இப்ப வேலைக்கே சேந்துட்டானே” என்றார் அவன் தாய்.

தரவு முழுவதும் என்னிடம் இருந்தது. 80 என்ற ஒற்றை எண் புதன்கிழமையை மறைத்துவிட்டது. ‘எத்தனை நாள் வரவில்லை?’ என்று பார்த்த நான், ‘எந்த நாளில் வரவில்லை?’ என்று கேட்கவில்லை.

இப்போது செய்வது

வெள்ளிக்கிழமை மாலை பத்து நிமிடம் ஒதுக்குகிறேன். இடப்பக்கம் பெயர்கள், மேலே கிழமைகள், வராத நாளுக்கு ஒரு புள்ளி. புள்ளிகள் ஒரே கிழமைக்குக் கீழே வரிசையாக விழுந்தால் அன்றே வீட்டுக்குப் பேசுவேன். அடுத்த ஆண்டு மூன்றாம் வாரத்திலேயே ஒரு மாணவியின் திங்கட்கிழமைகள் தெரிந்தன. அன்று தாய் காசிமேட்டுக்குச் சரக்கு எடுக்கப் போவதால் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பியை அங்கன்வாடியில் சேர்த்த பிறகு அவள் திங்கட்கிழமையும் வந்தாள்.

வகுப்பறைச் செயல்பாடு

வணிகவியல் மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்து, அருகிலுள்ள ஒரு சிறு கடையில் கேட்டு, பெயர் குறிக்காமல் ஒரு வார விற்பனையை எழுதி வரச் சொல்லலாம். பிறகு மூன்று கேள்விகள்:

1. கடைக்காரர் தெரிந்துகொள்ள விரும்புவது என்ன?
2. அதற்கு இந்தப் பட்டியலை எப்படி மாற்றி அடுக்க வேண்டும்?
3. அதைப் பார்த்து அவர் நாளை எதை மாற்றிச் செய்வார்?

மூன்றாவது கேள்விக்கு விடை கிடைக்காவிட்டால், இரண்டாவதற்குத் திரும்பிப் போய் வேறுவிதமாக அடுக்கச் சொல்ல வேண்டும். கல்லூரியில் இத்தாளைப் படிக்கப் போகும் மாணவர்க்கு இதுவே நல்ல அடித்தளம்.

எல்லாவற்றையும் கேட்ட மாணவி, “அப்போ அந்த அம்புக்குறி நாமதானா சார்?” என்றாள். ஆமாம் என்றேன்.