பதாகைக்கு ராணுவம் பணியுமா?

கேள்வி: மியான்மர் ராணுவ ஆட்சியைக் கண்டித்து எங்கோ வெளிநாட்டுத் தெருவில் முப்பது பேர் கோஷம் போடுகிறார்கள். அங்கே தவிக்கும் மக்களுக்கு இதனால் என்ன பயன்?

பதில்: தளபதிகளின் மனம் கோஷத்தால் மாறாது. அவர்களுக்குப் பணமும் எரிபொருளும் உதிரிபாகமும் போகும் வழியை அடைக்கலாம்.

உதாரணமாக, 1973 செப்டம்பர் 11 அன்று சிலியில் ஆட்சியைப் பிடித்த ராணுவத்தின் ஹாக்கர் ஹண்டர் விமானங்கள் அதிபர் மாளிகை மீது குண்டு வீசின. மறு ஆண்டு அந்நாட்டின் அந்த ரக விமானங்களின் என்ஜின்கள் பழுதுபார்ப்புக்காக ஸ்காட்லாந்தின் ஈஸ்ட் கில்பிரைடு ஆலைக்கு வந்தன. தொழிலாளர்கள் தொட மறுத்துவிட்டார்கள். ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் அந்த என்ஜின்கள் அங்கேயே கிடந்தன. சாதாரண மெக்கானிக்குகள், என்ன நெஞ்சுரம்! 2015இல் அவர்களில் மூவருக்குச் சிலி அரசு விருது வழங்கியது.

பர்மாவிலிருந்து (இன்றைய மியான்மர்) 1997இல் பெப்சி முழுவதுமாக வெளியேறியதற்கும் அமெரிக்க மாணவர்களின் விடாத நெருக்கடி ஒரு முக்கியக் காரணம்.

இதனால் ஆட்சி கவிழ்ந்துவிடவில்லை என்பதும் உண்மை. சிலியின் ராணுவ ஆட்சியாளர் பினோசே 1990 வரை பதவியில் இருந்தார். பர்மிய ராணுவமும் அப்போது அசையவில்லை. 2021 பிப்ரவரியில் மறுபடி ஆட்சியைப் பிடித்து, இன்று கிராமங்கள் மீது விமானத்திலிருந்து குண்டு வீசுகிறது. அந்த விமானங்களுக்கான எரிபொருள் வெளிநாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது. ஆகவே அந்த முப்பது பேரும் தூதரக வாசலோடு நின்றுவிடாமல், எரிபொருள் விற்கும் நிறுவனங்கள், கப்பலுக்குக் காப்பீடு தருபவர்கள், பணம் கைமாறும் வங்கிகள் ஆகியோரின் வாசலுக்கும் போகட்டும்.