வேலியில் விட்ட இடைவெளி

உடப்பு,
செப்டெம்பர் 2024

அன்பு மகளுக்கு,

சென்னைத் தீவுத்திடலில் கார் ரேஸ் மார்ஷல் அங்கியோடு நீ நிற்கும் படத்தை உன் அம்மா தெரு முழுக்கக் காட்டிவிட்டாள். எனக்கும் பெருமைதான். அதை முதலில் எழுதிவிடுகிறேன்; இல்லாவிட்டால் மிச்சத்தை வாசித்துவிட்டுப் பெரியப்பா ஏசுகிறார் என்று நினைப்பாய். படிப்பு முடிந்தாலும் சென்னையிலேயே தங்கி, வார இறுதிகளில் ரேஸுக்குப் போய் நிற்கப்போவதாகச் சொன்னாயாமே. கொழும்பில் ஒரு வேலை இன்னும் உனக்காகக் காத்திருக்கிறது. முடிவு உன்னுடையது, மகள். அதை எடுக்க முன் இதை ஒருமுறை வாசி.

நீ அங்கே நின்ற அந்த இரண்டு நாளும் நான் போனை விட்டு அசையவில்லை. 2023 டிசெம்பரில் நடக்கவேண்டிய சென்னை ஃபோர்முலா 4 வீதிப் போட்டி, மிக்ஜாம் புயல் வெள்ளத்தால் தள்ளிப்போய் ஓகஸ்ட் 31க்கு வந்தது. அன்றைக்கும் மழை. உலக மோட்டார் விளையாட்டுச் சம்மேளனமான எஃப்.ஐ.ஏ.வின் சான்றிதழ் கைக்கு வராமல் ஒரு காரும் ஓடக்கூடாது என்று உயர் நீதிமன்றம் கட்டுப்போட்டிருந்தது. சனம் டிக்கெட்டோடு காத்திருக்கிறது, கமராக்கள் காத்திருக்கின்றன, ஆனாலும் பாதையைப் பார்த்துக் கையெழுத்து வைக்கும்வரை எவரும் வெளிக்கிடவில்லை. பயிற்சி ஓட்டமே இரவில்தான் தொடங்கியது, போட்டிகள் மறுநாள். பார்த்தவர்களில் பாதிப்பேர் அலுத்துக்கொண்டார்கள். எனக்கு அந்த வார இறுதியில் மிகவும் பிடித்தது அந்தக் காத்திருப்புத்தான்.

ஃபோர்முலா 4 சின்னப் பிள்ளைகளின் கார்தானே என்று உன் மாமா சொல்கிறார். பதினைந்து வயதிலேயே ஓட்டலாம் என்பது உண்மை. ஆனால் அந்தக் கார் மணிக்கு 200 கிலோமீற்றரைச் சுலபமாகத் தாண்டும். இருங்காட்டுக்கோட்டை ஓடுபாதையில் ஒரு பிள்ளை பிழைவிட்டால் மணலும் புல்லும் வேகத்தைக் குறைத்துவிடும். அண்ணா சாலையில் அதற்கு இடம் ஏது? மூன்றரைக் கிலோமீற்றர், 19 வளைவு, இரண்டு பக்கமும் கொங்கிறீட். பிழை அதே இடத்தில் சுவரில் போய் முட்டும். ஓட்டுகிற பிள்ளைக்குத் தலைக்கு மேல் ஹேலோ வளையம், உடம்பைச் சுற்றிக் காபன் நாரில் செய்த கூடு, தோளிலும் இடுப்பிலும் வார். சுவருக்குப் பின்னால் நின்ற உனக்கு ஒரு அங்கியும் ஒரு கொடியும்.

மக்காவ் நகரில் 2018 நவெம்பரில் ஃபோர்முலா 3 கார் ஒன்று வளைவில் பின்புறமாகப் பறந்து, வேலிக்கு மேலால் போய்ப் படப்பிடிப்பாளர்கள் நின்ற கூண்டில் மோதியதே, அந்தக் காரை ஓட்டிய சோபியா ஃப்ளோர்ஷ் உனக்குப் பிடித்தவள் என்று தெரியும். பதினேழு வயதில் முதுகெலும்பு முறிந்து, அடுத்த வருடமே அதே மக்காவ் நகருக்குத் திரும்பி வந்தவள். நானும் அவளை மதிக்கிறேன். ஆனால் அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனவள் அவள் மட்டுமல்ல. இன்னொரு ஓட்டுநர், இரண்டு படப்பிடிப்பாளர்கள், ஒரு மார்ஷல். அந்த மார்ஷலின் பெயர் உனக்குத் தெரியுமா?

மெல்பேர்ணில் நடந்ததை நான் மறக்கமாட்டேன். 2001 மார்ச், ஆல்பர்ட் பூங்காவைச் சுற்றிய வீதியில் ஃபோர்முலா 1 ஓட்டம். இரண்டு கார்கள் மோதியதில் கழன்ற சில்லு ஒன்று வேலியில் இருந்த இடைவெளிக்குள்ளால் போய் கிரஹம் பெவரிட்ஜ் என்ற மார்ஷலைக் கொன்றது. அது மார்ஷல்கள் உள்ளே போய்வரவென்றே விட்டிருந்த இடைவெளி. சில்லு கழன்ற காரை ஓட்டிய வில்நெவ் இறங்கி நடந்து போனார். அதற்கு ஆறு மாதம் முன்புதான் மொன்சாவில் இன்னொரு மார்ஷல் அதேபோல் சில்லு அடித்துச் செத்திருந்தார்.

தியத்தலாவையைப் பற்றி உனக்கு நான் எழுதத் தேவையில்லை. இந்த ஏப்ரல் 21, ஐந்து வருடத்துக்குப் பிறகு நடந்த ஃபொக்ஸ் ஹில் காரோட்டம். ஒரு கார் கவிழ்ந்தது. கொடி காட்டினார்கள். ஓட்டம் நிற்கவில்லை. அடுத்த கார் சனத்துக்குள் புகுந்தது. ஏழு உயிர் போனது. அதில் எட்டு வயதுப் பிள்ளை ஒன்று, ஓட்டத்துக்கு உதவியாக நின்றவர்களும் இருந்தார்கள். செய்தி வந்த அன்றிரவு உன் அப்பா சாப்பிடவில்லை. ஏனென்று நீ கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவன் சொல்லியிருக்கமாட்டான்.

நான் சொல்கிறேன். முன்பு நம் ஊரில் நடந்த புத்தாண்டுச் சைக்கிள் ஓட்டத்தில் பிரதான வீதியை மூடவேண்டும் என்று அவன் இரண்டு தரம் கேட்டான். ஓட்டத்தை நடத்திய குழுவினர் பிறகு பார்ப்போம் என்றார்கள். சிவப்புத் துணி ஒன்றைக் கையில் கொடுத்துச் சந்தியில் நிற்கவிட்டார்கள். வேன் வந்து அவனை அடித்தது. அவன் சிலாபம் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது இங்கே மேடையில் கேடயம் கொடுத்தார்கள், படம் எடுத்தார்கள். அந்தக் குழுவில் ஒருவராவது இன்றுவரை எங்கள் வாசற்படி ஏறவில்லை. உன் அப்பா அவர்களை எப்போதோ மன்னித்துவிட்டான். என்னால் முடியவில்லை, முடியவும் போவதில்லை. அடித்த வேனைக்கூட நான் அவ்வளவு குற்றம் சொல்லமாட்டேன். கேட்ட பிறகும் வீதியை மூடாமல் விட்டார்களே, அதுதான். ஓரத்தில் நிற்கிறவனின் சொல்லுக்கு அங்கே மதிப்பில்லை.

அதனால்தான் இவ்வளவும் எழுதுகிறேன். வளைவில் நிற்கும் மார்ஷல் மஞ்சள் கொடியை ஆட்டலாம். ஓட்டத்தை நிறுத்தும் சிவப்புக் கொடிக்கு உத்தரவு கட்டுப்பாட்டு அறையிலிருந்து வரவேண்டும். கரைவலை வளைக்க முன் கடலைப் பார்த்து ‘இன்றைக்கு வேண்டாம்’ என்று சொல்ல நம் கரையில் ஒருவர் இருக்கிறார். அவர் சொன்னால் அத்தனை பேரும் கயிற்றைக் கீழே வைக்கிறார்கள். ரேஸில் நிற்பதென்றால் அந்த ஆளாக வரப் பார். பாதையைச் சோதிக்கிறவர்களோடு நட, காரைப் பரிசோதிக்கிறவர்களோடு நில், கட்டுப்பாட்டு அறை வேலையைக் கற்றுக்கொள். அதுவரைக்கும் எந்த வளைவில் நிறுத்தினாலும், வேலியில் எங்கே இடைவெளி என்று முதலில் பார். வருகிற காருக்கு முதுகைக் காட்டாதே. வானொலி வேலை செய்கிறதா என்று நீயே பேசிப் பார். இடம் சரியில்லை என்றால் அங்கே நிற்கமாட்டேன் என்று சொல்லு. வெட்கப்படாதே.

ஊருக்கு வந்தும் இதைச் செய்யலாம். கட்டுக்குருந்தையிலும் நுவரெலியாவிலும் மஹகஸ்தொட்டை மலையேற்றத்திலும் காரோட்ட ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். தியத்தலாவைக்குப் பிறகு இந்த நாட்டுக்குத் தேவை, சென்னையில் அந்தச் சனிக்கிழமை காத்திருந்ததைப் பக்கத்தில் நின்று கண்ட ஒருத்தி. கொழும்பில் வேலை, வார இறுதியில் இங்குள்ள ஓட்டங்கள், சில மணித்தியாலத்தில் வீடு. ஆடித் தீமிதிக்கும் நீ இந்தமுறை வரவில்லை. உன் அப்பா பூக்குழி அருகில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தான், சனத்துக்குள் உன்னைத் தேடிக்கொண்டு. சென்னையிலேயே இருப்பதென்றால் இரு. நான் தடுக்கவில்லை.

அதிகமாக எழுதிவிட்டேன் போலிருக்கிறது. மனதில் வைக்காதே. நம் குடும்பத்தில் உன்னைப்போல் நெஞ்சுறுதி உள்ள பிள்ளை வேறு இல்லை, இதை உன் அண்ணன்மாருக்கு முன்னாலேயே சொல்லியிருக்கிறேன். மழையில் நனைந்தபடி நீ கொடி பிடித்து நின்றதைப் பார்த்துப் பெரியம்மா அழுதுவிட்டாள், சந்தோஷத்தில்தான். நல்ல தடித்த சப்பாத்து ஒரு சோடியும் காதுக்கு மூடியும் வாங்கு, காசு அனுப்பியிருக்கிறேன், மலிவானது பார்க்காதே. அடுத்த கிழமை சென்னைக்கு வருகிற பிள்ளையிடம் இறால் கருவாடும் பாரைக் கருவாடும் கட்டிக் கொடுக்கிறோம், அறைத்தோழிகளுக்கும் கொடு. எந்த முடிவு எடுத்தாலும் முதலில் எனக்குச் சொல்லு, அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். நன்றாகச் சாப்பிடு, கண்ணம்மா. நேரத்துக்குத் தூங்கு.

உன்மேல் உயிரையே வைத்திருக்கும்
பெரியப்பா