பிறர் நெஞ்சில் இடம்பெறும் நெறி

பிறர் தம்மை விரும்பல் வேண்டும் என்னும் அவா மக்கள் யாவர்க்கும் இயல்பாக உள்ளது. சிறு பிள்ளையும் அதனை விழைகின்றது. முதியோரும் அதனை விழைகின்றனர். ஆயினும், கணக்கையும் இலக்கணத்தையும் முறையாகக் கற்பிக்கும் பாடசாலைகளிலே, அதனை அடையும் வழியைக் கற்பிக்கும் பாடம் அரிதாகவே உளது. ஆதலின், ஆசிரியர்கள் மாணாக்கர்க்கு எளிதில் எடுத்துரைக்கத்தக்க சிலவற்றை ஈண்டுக் கூறுவாம்.

புகழ்ந்து பேசுதலும், பொருள் கொடுத்தலும், நகைச்சுவை விளைத்தலுமே பிறரைத் தம்பால் ஈர்க்கும் என்று பிள்ளைகள் பலர் எண்ணுவர். அவை முகமன் எனப்படும். கொடுக்கும் பொருள் தீர்ந்தவழி அந்நட்புந் தீரும். தம்மை அணுகினோர் தம்மைச் சிறியராக உணராவண்ணம் நடந்துகொள்பவர் எவரோ, அவரையே உலகம் மனமார விரும்பும். இதுவே இப்பாடத்தின் கருத்து.

திருவள்ளுவர் அன்புடைமையை 8ஆம் அதிகாரமாகவும், விருந்தோம்பலை 9ஆம் அதிகாரமாகவும், இனியவை கூறலை 10ஆம் அதிகாரமாகவும், செய்ந்நன்றியறிதலை 11ஆம் அதிகாரமாகவும் வைத்துள்ளமை நோக்கத்தக்கது. அன்பு வேர், வந்தாரை ஏற்றல் அதன் கிளை, இன்சொல் அதன் மலர், பெற்ற உதவியை மறவாமை அதன் கனி. வேரின்றி மலரை மாத்திரம் காட்ட முயல்வது தாளிற் செய்த பூவைச் செடியிற் கட்டுவதனோடொக்கும்.

திருக்கோணமலைமீது பதிகம் அருளிய திருஞானசம்பந்தமூர்த்தி நாயனாரின் வரலாற்றிலே இதற்குத் தக்க சான்றுண்டு. திருநாவுக்கரசு நாயனார் முதுமையுற்றவர், சம்பந்தரோ இளம்பிள்ளை. குலத்தாலும் அவ்விருவரும் வேறுபட்டவர். சீகாழியிலே தம்மை வணங்கிய முதியவரைச் சம்பந்தர் 'அப்பர்' என்று முறைசொல்லி அழைத்தார் எனப் பெரியபுராணம் கூறும். அன்று அழைத்த ஒரு சொல்லே பெயராய் நிலைத்து, இன்றும் நாம் அவரை அப்பர் என்கின்றோம். பின்னொருகால் திருப்பூந்துருத்தியிலே தம் சிவிகையைத் தாங்கிவந்தவருள் அப்பரும் உளர் என்பதறிந்த சம்பந்தர், பதைத்துக் கீழிறங்கி அவரை வணங்கினார். உயர்ந்தோரெனப் போற்றப்பட்ட இருவரும் ஒருவரையொருவர் உயர்த்தினரேயன்றித் தம்மை உயர்த்தினாரல்லர்.

அண்மைக்காலத்துச் சான்று விபுலாநந்த அடிகளார். 1892ஆம் ஆண்டிலே காரைதீவிற் பிறந்த அவர், 1924ஆம் ஆண்டிலே துறவு பூண்டு, ஈழத்து இராமகிருஷ்ண சங்கப் பாடசாலைகளை நடத்தும் பணியை ஏற்றார். திருகோணமலையும் அவர்தம் கல்விப்பணியைப் பெற்ற ஊராகும். 1931ஆம் ஆண்டிலே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியரானபோது, அயலிலுள்ள திருவேட்களத்திலே தீண்டாதாரென ஒதுக்கப்பட்டோர் வாழ்ந்த சேரிக்குத் தாமே சென்று, ஆங்குள்ள பிள்ளைகட்குக் கல்வி கற்பித்தார். அவர் அப்பிள்ளைகளைத் தம்மிடம் வரும்படி பணித்தாரல்லர்; தாமே அவரிடம் சென்றார். அவ்வாறு சென்றமையே அவர்க்கு மதிப்பளித்தது.

இனி, ஓர்ஸ் ஹில்லை எடுத்துக்கொள்வோம். திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த இப்பகுதியிலே விவேகானந்தாக் கல்லூரி அமைந்துள்ளது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களரும் வாழும் இந்நகரிலே, ஒரு பிள்ளை கடைவீதிக்குச் சென்று மீள்வதற்குள் மொழியும் சமயமும் வேறான பலரைக் காணும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை இம்மாவட்டக் கரைகளைத் தாக்கியபோதும், 2009ஆம் ஆண்டிலே முடிவுற்ற போரின்போதும், வீடிழந்தோர் பலர் பாடசாலைகளிலே தங்கினர். தன் ஊரை இழந்த பிள்ளை புதிய வகுப்பிலே வந்தமரும்போது, அதற்கு முதலில் வேண்டுவது இரக்கச்சொல் அன்று. அருகிலே ஓர் இடம். 'ஐயோ பாவம்' என்பது அதனைப் பிறர்முன் சிறிதாக்கும். 'இங்கே வா, என்னோடு இரு' என்பது அதனை ஒருத்தராக எண்ணும்.

மாணாக்கர் நாடோறும் பயிலத்தக்க எளிய வழிகள் ஐந்து.

முதலாவது, ஒருவரை அவர்தம் பெயராலேனும் முறைப்பெயராலேனும் அழைத்தல். பட்டப்பெயர் கேட்போர்க்கு நகை, உரியவர்க்குப் புண்.

இரண்டாவது, முகமலர்ந்து முந்தி வணங்குதல். பாடசாலை வாயிற் காவலாளரும், முற்றங் கூட்டும் அம்மையும் அவ்வணக்கத்திற்கு உரியர்.

மூன்றாவது, பிறர் சொல்வதை முற்றக் கேட்டல். இடைமறித்துத் தன் கதையைத் தொடங்குபவன் எவ்வளவு இனிமையாகப் பேசினும் விரும்பப்படான்.

நான்காவது, கேளாமுன் குறிப்பறிந்து உதவலும், உதவியதைப் பின்னர்ச் சொல்லாமையும். எழுதுகோல் கொடுத்ததை வகுப்பறியச் சொல்பவன் அதனை விற்றவனாவான்.

ஐந்தாவது, வேற்றுமொழியாளரின் மொழியிலே வணக்கமும் நன்றியுமேனும் கூறக் கற்றல். இரண்டு சொற்களாயினும் அவை, 'உம்மை நான் மதிக்கின்றேன்' என்று அறிவிக்கும்.

இவற்றைக் கற்பிக்கும் ஆசிரியர் சொல்லினும் செயலாலேயே மிகுதியுங் கற்பிப்பர். பிழைசெய்த மாணாக்கனைத் தனியே அழைத்துத் திருத்துக. நன்று செய்தவனைப் பலர்முன் பாராட்டுக. விடை தெரியாது நிற்பவனைப் பார்த்து வகுப்பு நகைக்குமாயின், அந்நகைப்பை அக்கணமே நிறுத்துக. நாற்பது பிள்ளைகள் நகைக்க ஆசிரியர் வாளாவிருப்பின், அன்றைய நாள் அவர் கற்பித்த பாடம் அதுவேயாகும். கண்டிப்பு வேண்டாமென்பது எம் கருத்தன்று. இன்சொல் பொய்ச்சொல் அன்று. தவறு தவறென்றே கூறப்படல் வேண்டும். செய்த செயலைக் கடிக. செய்த பிள்ளையை இகழற்க.

இப்பாடத்திற்குப் பரீட்சை வேண்டா. கிழமையின் இறுதி நாளிலே, 'இக்கிழமை நம் வகுப்பிலே தனித்திருந்தவர் எவர்? அவர்பால் நாம் யாது செய்தோம்?' என்று ஒவ்வொரு மாணாக்கனும் தன்னுள்ளே வினாவச் செய்க. விடையை எழுதுவித்தலும், உரக்கச் சொல்வித்தலும் தவிர்க. தனித்திருந்த பிள்ளையின் அருகே வரும் திங்கட்கிழமை எவரேனும் சென்று அமர்வாராயின், பாடம் விளங்கிற்று என்று கொள்க.