முதல் லோடு வண்டி: விளம்பரத்தை எடைபோட்டு வாங்க முழுமையான வழிகாட்டி

காசிமேட்டில் மீன், மணலியில் டிரம், துறைமுகத்து குடோன்களில் மூட்டை என்று திருவொற்றியூரைச் சுற்றி லோடுக்குப் பஞ்சமில்லை. சொந்தமாக ஒரு பிக்கப் எடுத்து ஓட்டலாம் என்று முடிவு செய்துவிட்டீர்கள் அல்லவா? வாருங்கள், ஷோரூமுக்குள் சேர்ந்தே போவோம்.

என்னென்ன வண்டிகள்?

2005இல் வந்த டாடா ஏஸ்தான் நம் ‘குட்டி யானை’. அதற்கு மேல்படியில் டாடா இன்ட்ரா, டாடா யோதா, மஹிந்திரா பொலிரோ பிக்கப், அசோக் லேலண்ட் தோஸ்த், படா தோஸ்த் ஆகியவை மோதுகின்றன. லேலண்ட் எண்ணூரில் வளர்ந்த கம்பெனி என்ற பாசம் நமக்கு உண்டு. ஆனால் தோஸ்த் தயாராவது ஓசூரில். எப்படியும் பாசத்துக்காக வண்டி எடுக்க வேண்டாம்.

விளம்பரம் எப்படிப் பேசும்?

அமெரிக்காவில் ஃபோர்டு எஃப்-150, செவர்லே சில்வராடோ என்ற இரண்டு பிரம்மாண்ட பிக்கப்களுக்குள் ஓயாத சண்டை. 2016இல் செவர்லே ஒரு விளம்பரம் எடுத்தது. ஃபோர்டின் அலுமினியச் சரக்குத் தொட்டியில் கட்டடக் கற்களைக் கொட்டினார்கள்; ஓட்டை விழுந்தது. தன் இரும்புத் தொட்டியில் கொட்டினார்கள், நசுங்கியதோடு சரி. பொய் எதுவும் காட்டவில்லை. ஆனால் என்ன சோதனை வைப்பது என்று முடிவு செய்தவர் போட்டிக்காரர். எடை குறைந்த அலுமினியத்தால் என்ன லாபம் என்று அவர் ஏன் காட்டப்போகிறார்?

நம் ஊரிலும் அதே கதைதான். ஒருவர் பாரத்தைச் சொல்வார், இன்னொருவர் மைலேஜைச் சொல்வார். தனக்குப் பலவீனமானதை எவரும் போஸ்டரில் போடுவதில்லை.

முதல் படி: பாரம்

‘2 டன் தாங்கும்’ என்று கண்டால், ‘எந்த மாடல்?’ என்று கேளுங்கள். யோதா என்ற ஒரே பெயரில் 1,200 கிலோ ஏற்றுவதும் உண்டு, 2,000 கிலோ ஏற்றும் யோதா 2.0-வும் உண்டு. போஸ்டரில் இருப்பது பெரியது. கொட்டேஷனில் வருவது பெரும்பாலும் சின்னது.

அடுத்து, ஆர்.சி.யில் வரும் இரண்டு எண்களைக் கேட்டு வாங்குவோம்: வண்டியின் மொத்த எடை, காலி எடை. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவதே நாம் ஏற்றக்கூடிய பாரம். மீன் லோடுக்குத் தகரம் அடித்தாலோ, கம்பி கட்டிக் கூண்டு போட்டாலோ அந்த எடையும் பாரத்தில்தான் கழியும். பாடி கட்டியபின் காலி வண்டியை ஒருமுறை எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள்.

‘எல்லாரும் ஓவர்லோடுதானே அடிக்கிறாங்க’ என்று சேல்ஸ் தம்பி சிரிப்பார். மாட்டினால் மோட்டார் வாகனச் சட்டப்படி 20,000 ரூபாய் அபராதம். கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000.

இரண்டாம் படி: மைலேஜ்

விளம்பர மைலேஜ் சோதனைக்கூடத்தில் எடுத்தது. நமக்கோ எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கும், திருவொற்றியூர் ஹை ரோட்டில் முதல் கியர், இரண்டாம் கியர்தான். அதே வண்டியை இதே பாதையில், இதே லோடில் ஓட்டுகிறவரைக் கேளுங்கள். காசிமேட்டில் விடிகாலையில் போய் நின்றால் எல்லாக் கம்பெனி வண்டியும் இருக்கும், டிரைவர்களும் மனம்விட்டுப் பேசுவார்கள். அப்படியே தொட்டியின் அடிப்பக்கத்தைக் குனிந்து பாருங்கள். ஐஸ் தண்ணீரும் உப்பும் இறங்கி எந்த வண்டியின் மூலை துருப்பிடித்திருக்கிறது என்பதை எந்தச் சிற்றேடும் சொல்லாது.

கணக்கையும் போட்டுவிடுவோம். நாளுக்கு 80 கி.மீ., மாதம் 26 நாள் என்றால் 2,080 கி.மீ. டீசல் லிட்டர் 92 ரூபாய் என்று வையுங்கள். லிட்டருக்கு 13 கி.மீ. கொடுத்தால் மாதச் செலவு 14,720, 10 கி.மீ.தான் என்றால் 19,136. வித்தியாசம் 4,416 ரூபாய், மாதாமாதம்.

மூன்றாம் படி: வாரன்டி

வருடம், கிலோமீட்டர் இரண்டும் போட்டு, ‘எது முன்னதோ அது’ என்று நட்சத்திரக் குறிக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும். ஊருக்குள் ஓடினால் வருடம் முந்தும். பெங்களூரு லைன் ஓடினால் கிலோமீட்டர் முந்தும்.

எவ்வளவு ஆகும்?

எக்ஸ் ஷோரூம் விலையை மறந்துவிட்டு ஆன் ரோடு விலையை எழுத்தில் வாங்குங்கள். சரக்கு வண்டிக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது; பழைய விலைப்பட்டியலை வைத்துப் பேச வேண்டாம். இன்சூரன்ஸ், பாடி, தார்ப்பாய் எல்லாம் தனி. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை. எஃப்.சி. (தகுதிச் சான்று) முதல் எட்டு ஆண்டுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும்.

8 லட்சம் கடன், 10 சதவீதம், நான்கு ஆண்டு என்றால் மாத டியூ சுமார் 20,290 ரூபாய். மீன் லோடை மட்டும் நம்புகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு நிற்கும், டியூ நிற்காது. அதற்குள் மணலிப் பக்கம் ஒரு நிரந்தர லோடு பிடித்து வைப்போம்.

எச்சரிக்கை

‘வெறும் 7 சதவீத வட்டி’ என்றால் ‘ஃபிளாட்டா, குறையும் நிலுவைக்கா?’ என்று கேளுங்கள். 8 லட்சத்துக்கு 7 சதவீதம் ஃபிளாட், நான்கு ஆண்டு என்றால் டியூ 21,333. உண்மையான வட்டி 12.5 சதவீதத்தைத் தாண்டிவிடும்.

டெஸ்ட் டிரைவைக் காலி வண்டியில் முடிக்காதீர்கள். நம் லோடை ஏற்றி ஒரு பாலம் ஏறி இறங்க வேண்டும். மறுக்கிற ஷோரூமில் அட்வான்ஸ் கட்ட வேண்டாம்.

2022இல் வந்த மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளின்படி, விளம்பரம் தமிழில் என்றால் நிபந்தனைக் குறிப்பும் தமிழிலேயே இருக்க வேண்டும். சிற்றேடு, கொட்டேஷன், சேல்ஸ்மேன் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காதீர்கள். சொன்னது ஒன்று, கொடுத்தது வேறு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம். அப்போது கேட்கப்போவது அந்தக் காகிதங்களைத்தான்.