அன்றாடப் பயணத்திற்கு எந்த மிதிவண்டி? ஹைப்ரிட் வண்டி பற்றி ஓர் ஆய்வு

மனிதன் தன் உடல் வலிமையைக் கொண்டே இயக்கும் ஊர்திகளுள் மிதிவண்டிக்கு இணையாகச் சொல்லத்தக்கது வேறொன்றில்லை. நடப்பவன் செலவிடும் அதே ஆற்றலைக் கொண்டு மிதிவண்டியில் செல்பவன் மூன்று நான்கு மடங்கு தொலைவைக் கடந்துவிடுகிறான். 1885ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி ‘ரோவர்’ என்னும் வண்டியை அமைத்தார். 1888இல் ஜான் பாய்டு டன்லப் காற்றடைத்த டயரை உருவாக்கினார். இவ்விரண்டும் இணைந்த அந்நாளிலிருந்து மிதிவண்டியின் அடிப்படை அமைப்பு பெரிதும் மாறவில்லை எனலாம்.

வானகரம், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி முதலிய ஊர்களிலிருந்து கல்லூரிக்கு வரும் நம் மாணவரிடையே அண்மைக் காலமாக ஒரு வினா எழுந்துள்ளது. ‘ஹைப்ரிட்’ எனப்படும் புதுவகை மிதிவண்டியை வாங்கலாமா என்பதே அது. சாதாரண வண்டியைவிட இரு மடங்கும் மும்மடங்கும் விலையுள்ள பொருள் இது. பலருடைய இல்லங்களில் இத்தொகை ஒரு மாத வருமானமாகவே இருக்கக்கூடும். வாங்கியது நாள்தோறும் ஓட வேண்டும். மூன்றாம் மாதமே மாடிப்படியின் கீழ் ஒதுங்கிவிடலாகாது. எனவே இதைச் சற்று ஆராய்ந்து பார்ப்பது பயனுடைத்து.

நம் மண்ணில் வளர்ந்த தொழில்

சென்னையின் மேற்குப் புறநகருக்கும் மிதிவண்டிக்கும் உள்ள தொடர்பு நெடியது. முருகப்பா குழுமம் இங்கிலாந்து நிறுவனம் ஒன்றுடன் கூட்டுச் சேர்ந்து 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. 1951இல் அம்பத்தூர் ஆலையிலிருந்து வண்டிகள் வெளிவரலாயின. 1955இல் ஆவடியில் எஃகுக் குழாய் ஆலையும், 1960இல் அம்பத்தூரில் செயின் ஆலையும் அதே குழுமத்தாரால் அமைந்தன. ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. என்னும் பெயர்கள் தமிழகத்துச் சிற்றூர்களிலும் வழங்கின. கனமான பழைய வண்டிக்கும் பந்தய வண்டிக்கும் இடைப்பட்டதாக வந்த பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆர். நம் பெற்றோர் காலத்து மாணவரின் கனவு வண்டியாகும். ஒருவகையில் அதனை இன்றைய ஹைப்ரிட்டின் மூத்த உறவினர் எனலாம்.

ஹைப்ரிட் என்றால் என்ன?

பந்தய வண்டி மெல்லிய டயரும் வளைந்து தாழ்ந்த ஹேண்டில்பாரும் உடையது. நல்ல சாலையில் விரைவாகச் செல்லும், பள்ளத்தில் துன்புறும். மலையேறும் வண்டி பருத்த, முள்முள்ளான டயர் உடையது. கரடுமுரடான நிலத்திற்கு உகந்தது, தார்ச்சாலையில் மந்தமாகும். இவ்விரண்டின் பண்புகளையும் கலந்து 1980களின் இறுதியில் மேனாடுகளில் பரவியதே ஹைப்ரிட். பந்தய வண்டியின் பெரிய சக்கரம், மலை வண்டியின் நேரான ஹேண்டில்பார், இரண்டிற்கும் நடுவான 35 முதல் 42 மில்லிமீட்டர் வரையிலான டயர், பல கியர்கள் ஆகியன இதன் இலக்கணம்.

கியர் எத்தனை வேண்டும்?

கடையில் முதலில் எடுத்துச் சொல்லப்படுவது கியரின் எண்ணிக்கையே. ‘இருபத்தொரு கியர்’ என்றவுடன் நம் மனமும் மயங்குகிறது. இதனை எளிய கணக்கால் காண்போம்.

ஒற்றைக் கியர் வண்டி ஒன்றில் முன்பல்சக்கரத்தில் 44 பற்களும் பின்பல்சக்கரத்தில் 18 பற்களும் உள்ளன என்று கொள்வோம். பெடலை ஒருமுறை சுற்றினால் பின்சக்கரம் 2.44 முறை சுற்றும். சக்கரத்தின் சுற்றளவு 2.2 மீட்டர் எனில் வண்டி ஏறத்தாழ 5.4 மீட்டர் செல்லும். நிமிடத்திற்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஏறத்தாழ 19 கிலோமீட்டர் வேகம் கிடைக்கும். நகரச் சாலைக்கு இதுவே போதுமானது அன்றோ?

ஹைப்ரிட்டின் மிகத் தாழ்ந்த கியரில் முன்னும் பின்னும் 28 பற்கள் இருப்பின், ஒரு சுற்றுக்கு 2.2 மீட்டரே செல்லும். செங்குத்தான மலைப்பாதைக்கு இது இன்றியமையாதது. நம் வட்டாரமோ சமவெளி. பாலங்களும் மேம்பாலங்களும் தவிர ஏற்றம் என்பதே அரிது.

நமக்கு மலையாக நிற்பது காற்றேயாகும். காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவன்மேல் அதே வேகத்தில் எதிர்க்காற்று வீசினால் தடை நான்கு மடங்காகும். கோடையில் பிற்பகலில் கிழக்கிலிருந்து வீசும் கடற்காற்றை எதிர்த்துக் கோயம்பேடு நோக்கிச் சென்றவர் இதனை அறிவர். அப்போது ஒன்றிரண்டு கியர் தாழ்த்திக்கொள்ள முடிவது பெரும் உதவி. இதற்கு முன்புறம் ஒரே பல்சக்கரமும் பின்புறம் ஏழும் உள்ள அமைப்பே போதும். உறுப்புகள் குறையக் குறையப் பழுதும் குறையும்.

நேரம் எவ்வளவு மிச்சம்?

வானகரத்திலிருந்து பூந்தமல்லியோ கோயம்பேடோ ஏறத்தாழ 6 கிலோமீட்டர். சாதாரண வண்டியில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் 24 நிமிடம் ஆகும். ஹைப்ரிட்டில் 18 கிலோமீட்டர் வேகத்தில் 20 நிமிடம் ஆகும். மிச்சம் நான்கே நிமிடம். சந்திப்பில் ஒருமுறை சிவப்பு விளக்கில் நின்றால் அதில் பாதி போய்விடும். ஆனால் ஆவடிக்கு அப்பாலிருந்து ஒரு வழிக்கு 12, 15 கிலோமீட்டர் செல்பவர்க்கு வேறுபாடு பத்து நிமிடத்தை எட்டும், உடற்சோர்வும் குறையும். ஆகவே தொலைவே முதல் அளவுகோல்.

டயரும் காற்றும்

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் தார் நன்றாக இருந்தாலும், ஓரத்தில் மணலும் சல்லியும் உண்டு. லாரிகளுக்கு ஒதுங்கும் மிதிவண்டிக்கு அந்த ஓரமே வழி. வானகரம் அம்பத்தூர் சாலை போன்ற உட்சாலைகளில் மழைக்காலப் பள்ளங்கள் உண்டு. எனவே 35 மில்லிமீட்டருக்குக் குறைந்த டயர் நமக்கு ஏற்றதன்று. விலை குறைந்த வண்டிகளில் பொருத்தப்படும் முன்ஃபோர்க்கு ஸ்பிரிங்குகள் எடையைக் கூட்டும், மழையில் துருப்பிடிக்கும். பருத்த டயரில் அளவான காற்று அந்த வேலையைச் செய்துவிடும்.

காற்றடிப்பதில் ஒரு நுட்பம் உண்டு. பழைய வண்டிகளின் வால்வில் சிறு ரப்பர்க் குழாய் இருக்கும். தெருமுனைக் கடையில் கைப்பம்பால் அடிக்கலாம். ஹைப்ரிட் பலவற்றில் மோட்டார் சைக்கிளுக்குரிய வால்வு இருக்கும். பெட்ரோல் நிலையத்திலும் அடித்துக்கொள்ளலாம். சிலவற்றிலோ மெல்லிய நீண்ட வால்வு இருக்கும். அதற்கெனத் தனிப் பம்போ இணைப்புத் திருகோ வேண்டும். வாங்குமுன் இதைப் பார்த்தல் நன்று. காற்றுக் குறைந்த டயர் பள்ளத்தில் மோதும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் இடையே டியூப் நசுங்கி, பாம்பு கடித்தாற்போல் இரண்டு துளை விழும். பஞ்சர்களுள் பல முள்ளால் வருவன அல்ல, சோம்பலால் வருவன.

பிரேக்

சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வது. அக்காலத்தில் முலாம் பூசிய இரும்பு ரிம்மில் பிரேக் பிடிப்பு வெகுவாகக் குறைந்துவிடும்; அலுமினிய ரிம் அதனினும் மேலானது; டிஸ்க் பிரேக் மழையை அவ்வளவாகப் பொருட்படுத்தாது. லாரிகளுக்கு அருகில் செல்ல வேண்டிய நமக்கு, ஹைப்ரிட்டின் தலையாய நன்மை கியரைவிட இந்தப் பிரேக்கே என்பது என் துணிபு.

அளவும் துணைக்கருவிகளும்

‘விரலுக்குத் தகுந்த வீக்கம்’ என்பர். வண்டியும் உடலுக்குத் தக்கதாக இருத்தல் வேண்டும். வண்டியின் குறுக்குக் குழாயின் மேலாக நின்றால் இரண்டு மூன்று விரற்கடை இடைவெளி வேண்டும். சீட்டில் அமர்ந்து குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே கொண்டுவரும்போது கால் நேராக நீள வேண்டும். அதுவே சரியான உயரம். நம்மில் பலர் இரு கால்களும் தரையில் ஊன்றுமாறு சீட்டைத் தாழ்த்தி வைக்கிறோம். முழங்கால் வலிக்கும் விரைந்த களைப்புக்கும் இதுவே பெருங்காரணம்.

ஹைப்ரிட் பலவும் மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, விளக்கு எதுவுமின்றியே விற்பனைக்கு வருகின்றன. மட்கார்டு இல்லாத வண்டி மழை நாளில் முதுகெல்லாம் சேறு தெளிக்கும். அவ்வுடையில் வகுப்பில் அமர்வது எங்ஙனம்? கேரியர் இல்லையேல் புத்தகச் சுமை தோளுக்கு வரும். பின்விளக்கு இல்லையேல் மாலை வகுப்பு முடிந்து திரும்புவது ஆபத்து. இவற்றின் விலையையும், நல்ல பூட்டின் விலையையும் சேர்த்தே வண்டியின் விலையைக் கணக்கிட வேண்டும். இவற்றைப் பொருத்தத் திருகுத்துளைகள் சட்டத்தில் உள்ளனவா என்பதையும் காண வேண்டும்.

வீட்டிலுள்ள வண்டி

இங்கே மறக்கலாகாத ஒன்று உண்டு. தமிழக அரசின் விலையில்லா மிதிவண்டித் திட்டம் 2001-2002ஆம் ஆண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்காகத் தொடங்கி, பின்னர் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்பு மாணவர் அனைவர்க்கும் விரிந்தது. நம்முள் எத்தனை பேருடைய வீட்டில் அந்த வண்டி இன்னும் நிற்கிறது! அதனை ஓவராயில் செய்து, பேரிங்குகளுக்குப் புது கிரீஸ் இட்டு, டயர், பிரேக் கட்டை, செயின் ஆகியவற்றை மாற்றி, சீட்டை உரிய உயரத்திற்கு ஏற்றினால் அது வேறு வண்டியாகிவிடும். செயின் தேய்ந்ததா என்று அறியவும் வழி உண்டு. 24 கண்ணிகள் புதிதில் சரியாக 12 அங்குலம் இருக்கும். அது 12⅛ அங்குலமாக நீண்டிருந்தால் மாற்ற வேண்டியதே.

முடிவு

மேற்கூறியவற்றால் பெறப்படுவது யாதெனின், ஒரு வழித் தொலைவு எட்டு கிலோமீட்டருக்குள் உள்ளவர் வீட்டிலுள்ள வண்டியை முதலில் செப்பனிட்டு இரண்டு மாதம் நாள்தோறும் ஓட்டிப் பார்த்தல் நலம். அரசுக் கல்லூரி மாணவர்க்குப் பேருந்துப் பயண அட்டை உண்டாதலின், மிதிவண்டியால் நாம் பெறுவது பணமிச்சத்தினும் மேலாக, நெரிசலுக்குக் காத்திராத விடுதலையே ஆகும். அந்தப் பழக்கம் நிலைத்தபின், தொலைவு மிகுந்தவரும் மழையிலும் ஓட்டுபவரும் ஹைப்ரிட் வாங்கலாம். அப்போதும் ஏழு கியர், ஸ்பிரிங் இல்லாத ஃபோர்க்கு, 38 மில்லிமீட்டர் அளவிலான டயர், நல்ல பிரேக், மட்கார்டும் கேரியரும் பொருத்த இடம் ஆகிய ஐந்தையும் நோக்கித் தேர்க. வண்ணத்தையும் கியரின் எண்ணிக்கையையும் கடைசியில் நோக்குக.

வண்டி நம்மைச் சுமக்க வேண்டுமேயன்றி, அதன் விலையை நாம் சுமந்து திரியலாகாது.